இழுவை வண்டியை உயர்த்துதலும் பெரிய டயர் பூட்டுதலும்

நாட்டின் உட்பகுதிகளில் நில அளவை, நிலநீர் ஆய்வு, கால்நடை மருத்துவம், பயிர்ப் பாதுகாப்பு முதலிய பணிகளில் ஈடுபட்டுள்ள களப்பணியாளர்க்கு மோட்டார் வண்டி ஒரு வசதிப் பொருள் அன்று. அது கருவிகளுள் ஒரு கருவியாகும். தண்ணீர்த் தொட்டி, காற்றழுத்தி, மின்னாக்கி, மருந்து தெளிக்கும் பொறி ஆகியவற்றைத் தாங்கிய டிரெயிலர் ஒன்று அவ்வண்டியின் பின்னே பூட்டப்படுவதும் வழக்கம். பாதை கரடுமுரடாயிருக்கும் இடங்களில் வண்டியின் அடிப்பாகம் தரையில் தட்டாதிருக்க வேண்டுமென்ற விருப்பம் இயல்பானதே. அண்மை ஆண்டுகளில் இவ்விருப்பத்தை நிறைவேற்ற இரு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள வில்பட்டைகளை, அதாவது பட்டறைகளில் கமான் பட்டை எனப்படுவனவற்றை, மாற்றியமைத்து வண்டியின் உடலை உயர்த்துதல் ஒன்று. முன்னிருந்ததைவிடப் பெரிய விட்டமுள்ள டயர்களைப் பூட்டுதல் மற்றொன்று. இரண்டையும் ஒருசேரச் செய்துகொள்வோரும் உளர். தனியாக ஓடும் வண்டிக்கு இம்மாற்றங்களால் விளையும் நன்மை தீமைகள் ஒரு வகை. பின்னே பாரம் இழுக்கும் வண்டிக்கு விளைவன வேறொரு வகை. இவ்விரண்டாம் வகையே இங்குக் கருதப்படுவது.

இழுவை வண்டியும் டிரெயிலரும் ஒன்றற்கொன்று அளவு பொருந்த அமைக்கப்பட வேண்டியவை என்பது புதிய கருத்தன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜீப்புக்கெனச் செய்யப்பெற்ற கால் டன் டிரெயிலர், ஜீப்பில் இருந்த அதே 6.00-16 அளவுள்ள டயர்களையே கொண்டிருந்தது. ஒன்றின் உருளியைக் கழற்றி மற்றொன்றிற் பூட்டலாம் என்பது இதன் வெளிப்படையான பயன். வண்டியின் கொக்கியும் டிரெயிலரின் ஏர்க்காலும் ஒரே மட்டத்தில் நின்றமை, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மற்றொரு பயன். மகிந்திரா நிறுவனம் 1947-இல் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும், 1958-இல் அது ஒழிப்புத் திட்டமாக விரிந்த காலத்திலும், ஊர்ப்புறங்களை நாடிச் சென்ற வண்டிகளுள் ஜீப்புக்குத் தனியிடம் இருந்தது. இப்போது வண்டிகள் மாறிவிட்டன. ஆனால் இணைப்பின் மட்டம் பற்றிய விதி மாறவில்லை.

எதை உயர்த்துகிறோம்?

‘வண்டியைத் தூக்குதல்’ என்று பட்டறைகளில் வழங்கும் ஒரே தொடர் இரு வேறு செயல்களைக் குறிக்கின்றது. குழப்பத்தில் பாதி இத்தொடரினாலேயே விளைவது எனலாம். வண்டித்தடத்தில் இரு பள்ளங்களுக்கு இடையே நடுமேடு ஒன்று நிற்கும். முழு அச்சு உள்ள வண்டியில் இந்நடுமேட்டில் முதலில் தட்டுவது அச்சின் நடுவே பருத்துத் தொங்கும் டிபரென்ஷியல் கூடாகும். அது உருளிகளோடு பிணைந்தது. எனவே கமான் பட்டையை மாற்றி உடலை 75 மி.மீ. உயர்த்தினாலும், டிபரென்ஷியல் தரையிலிருந்து முன்பு எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அவ்வளவு உயரத்திலேயே இருக்கும். உடலை உயர்த்துவதால் கிடைக்கும் பயன் வேறு: ஓடைக்கரையில் ஏறும்போது முன்முனையும் இறங்கும்போது பின்முனையும் தட்டா, வரப்பைக் கடக்கும்போது வண்டியின் வயிறு அதன்மேல் அமராது, பெரிய டயர் சுழல இடம் கிடைக்கும். அச்சை உயர்த்துவதற்கோ டயர் ஒன்றே வழி. முன் உருளிகள் தனித்தனியே தொங்கும் வண்டிகளிலும் பின்னச்சு பெரும்பாலும் முழு அச்சாகவே இருப்பதால், அங்கும் இக்கூற்று பின்பகுதிக்குப் பொருந்தும்.

டயரினால் எவ்வளவு உயரம் கிடைக்கும் என்பதை அதன் பக்கச் சுவரிற் பொறித்துள்ள எண்களைக் கொண்டே கணக்கிடலாம். பொலேரோ வண்டியில் வரும் 215/75 ஆர் 15 என்னும் டயரை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மி.மீ. அளவில். 75 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பதைக் காட்டுவது. அஃது ஏறத்தாழ 161 மி.மீ. ஆகின்றது. 15 என்பது இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். அதாவது 381 மி.மீ. வளையத்துக்கு மேலும் கீழும் பக்கச் சுவர் இருப்பதால் முழு விட்டம் 381-உடன் 161-ஐ இருமுறை கூட்ட, சுமார் 703 மி.மீ. எனக் கிடைக்கும். இதற்குப் பதிலாக 31 அங்குல விட்டமுள்ள டயரைப் பூட்டினால் விட்டம் 787 மி.மீ. ஆகும். வேறுபாடு 84 மி.மீ. எனினும் அச்சு உயர்வது அதிற் பாதியான 42 மி.மீ. மட்டுமே, ஏனெனில் மற்றப் பாதி அச்சுக்கு மேலே போய்விடுகின்றது. ஏறத்தாழ மூன்று விரற்கிடை உயரம் எனலாம். இதற்கு நாம் செலுத்தும் விலை யாது என்பதே இனி ஆராய்வதற்குரியது.

இழுவிசை குறைதல்

கிணற்றில் நீர் இறைக்கும் உருளையை நினைத்துப் பார்க்க. கைப்பிடியின் நீளத்தை மாற்றாமல், கயிறு சுற்றும் உருளையை மட்டும் பருமனாக்கினால், ஒரு சுற்றுக்கு வாளி மிகுதியாக உயரும். ஆனால் கைக்குச் சுமை கூடும். வண்டியின் உருளியும் இத்தகையதே. எஞ்சினும் பல்லிணைகளும் அச்சுக்குத் தரும் முறுக்குவிசை மாறவில்லை. உருளியின் ஆரம் கூடிவிட்டது. முறுக்குவிசையை ஆரத்தால் வகுத்தால் வருவது தரையைத் தள்ளும் விசை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் விட்டம் நூற்றுக்கு 12 கூடியுள்ளது. எனவே தள்ளுவிசை நூற்றுக்கு 10½ அளவு குறையும்.

இக்குறைவு பெரிதன்று என்று தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டால் அதன் தன்மையைக் காண்போம். பாரத்துடன் வண்டி 1,800 கிலோகிராம், டிரெயிலர் 800 கிலோகிராம், ஆக மொத்தம் 2,600 எனக் கொள்க. பத்துக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் இவ்விரண்டையும் பின்னுக்கு இழுக்கும் விசை 260 கிலோகிராம் எடைக்குச் சமம். மண்பாதையில் உருளிகளுக்கு உண்டாகும் தடையை எடையில் இருபதில் ஒரு பங்கு எனக் கொண்டால் அது 130. வேண்டும் விசை 390 ஆகின்றது. குறிப்பிட்ட கியரில் இவ்வண்டி பழைய டயருடன் 420 அளவு தள்ளக்கூடியதாயின், 30 அளவு மிச்சம் உண்டு. வண்டி மெல்ல ஏறிவிடும். பெரிய டயருடன் அதே கியரில் கிடைப்பது சுமார் 375 மட்டுமே. வண்டி நின்றுவிடும்; அல்லது ஓட்டுநர் கிளட்சை அரைகுறையாக அழுத்தி ஏற்ற முயல்வார்; கிளட்ச் கருகும்.

இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இதே ஏற்றத்தில் டிரெயிலர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் வேண்டும் விசை 270 மட்டுமே. பழைய டயரானாலும் பெரிய டயரானாலும் வண்டி எளிதில் ஏறிவிடும். மாற்றம் செய்த பட்டறையின் வாயிலில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து, குறையொன்றும் இல்லை என்று மனநிறைவு கொள்வோர் பலர். அச்சோதனை எதையும் காட்டாது. குறை வெளிப்படுவது, பாரம் பூட்டிய முதல் ஏற்றத்திலேயே.

உயர்ந்த மலைப்பகுதிகளில் நிலைமை மேலும் கடுமையானது. லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் பத்தில் ஏழு பங்கே. காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ அமைப்பு இல்லாத எஞ்சின், உள்ளிழுக்கும் காற்று குறைவதால், திறனிலும் ஏறத்தாழ அதே அளவு குறையும். அக்குறைவின்மேல் டயரின் குறைவும் சேர்ந்தால், சமவெளியில் இருந்த தள்ளுவிசையில் எட்டில் ஐந்து பங்கே எஞ்சும். டர்போ உள்ள வண்டிகளில் உயரத்தால் வரும் இழப்பு இவ்வளவு இராது. டயரால் வரும் இழப்பு மட்டும் அப்படியே நிற்கும்.

இதற்கு முறையான பரிகாரம் அச்சிலுள்ள கிரௌன்-பினியன் பல்லிணையை மாற்றுதல். முன்பு 4.3 மடங்கு குறைத்துத் தந்த பல்லிணைக்குப் பதிலாக 4.8 மடங்கு குறைப்பதைப் பூட்டினால் பழைய இழுவிசை மீண்டு வரும். நான்கு உருளி இயக்கமுள்ள வண்டியாயின் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் ஒரே விகிதத்தில் மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துப் பல்லிணைகள் உடையும். செலவு மிகுதி என்பதால் இதைச் செய்வோர் அரியர்.

வேகங்காட்டியும் பொய் சொல்லத் தொடங்கும். அது 60 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 67 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தூரங்காட்டியோ குறைத்துக் காட்டும். உண்மையில் 1,000 கி.மீ. ஓடிய வண்டிக்கு 894 என்றே பதிவேட்டில் ஏறும். அத்தூரத்துக்கு 80 லிட்டர் எரிபொருள் செலவாகியிருந்தால், லிட்டருக்கு 12½ கி.மீ. என்பது 11.2 எனத் தோன்றும். வண்டிப் பதிவேட்டைத் தணிக்கை செய்பவர் ஓட்டுநரிடம் விளக்கம் கேட்கும் நிலை இதனால் வரலாம். எண்ணெய் மாற்றும் காலமும் தவறும்.

நிறுத்துதல்

பிரேக்கும் முறுக்குவிசையாலேயே இயங்குவது. பிரேக்கின் அளவு மாறாமல் உருளியின் ஆரம் கூடினால், அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை, முன் கூறியவாறே, நூற்றுக்கு 10½ குறையும். சரிவில் இறங்குகையில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பயனும் அதே அளவு குறையும். இதனோடு பெரிய டயரின் எடையையும் கருத வேண்டும். சுழலும் பொருளில் எடை புறவிளிம்பில் அமையும்போது, அதை ஓடச் செய்வதற்கும் சுழலச் செய்வதற்கும் தனித்தனியே ஆற்றல் வேண்டும். விளிம்பிற் கூடும் ஒரு கிலோகிராம், வண்டியின் தட்டிற் கூடும் இரண்டு கிலோகிராமுக்குச் சமம் என்று பள்ளி இயற்பியலைக் கொண்டே நிறுவலாம். சிறிய டிரெயிலர்கள் பலவற்றுக்குத் தமக்கெனப் பிரேக் இல்லை. அவற்றையும் சேர்த்து நிறுத்த வேண்டியது முன்னால் இருக்கும் வண்டியின் பொறுப்பே.

உடலை உயர்த்துவதால் பிரேக்கிற்கு வரும் தீங்கு ஒன்று உண்டு. இதைப் பட்டறையினரும் கவனிப்பது அரிது. இலகு வண்டிகள் பலவற்றில் பின்னச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே பாரத்தை உணரும் வால்வு ஒன்று அமைந்துள்ளது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், பாரமில்லாத வண்டியின் பின்னுருளிகள் எளிதிற் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதைத் தடுக்க இவ்வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கின்றது. வண்டியிற் பாரம் ஏறினால் உடல் தாழும்; அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி குறையும்; வால்வு அழுத்தத்தை முழுமையாக விடும். இடைவெளியே அதற்குத் தராசு. இப்போது உடலை 75 மி.மீ. உயர்த்திவிட்டால், வண்டி எவ்வளவு பாரம் ஏற்றியிருந்தாலும் வால்வு அதை வெறும் வண்டி என்றே கொள்ளும். டிரெயிலர் பின்னிருந்து தள்ள, பின் பிரேக் தன் முழு வலிமையைக் காட்டாமல் நிற்கும். உயர்த்திய பின் வால்வின் இணைப்புக் கோலை அளவுக்கேற்பத் திருத்தியமைத்தல் இன்றியமையாதது. அச்சுக்குச் செல்லும் பிரேக் எண்ணெயின் ரப்பர்க் குழாய் இழுபட்டு நிற்கிறதா என்பதையும், அச்சு முழுவதும் தொங்கும் நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கவிழ்தல்

ஆசிரியர்கள் வகுப்பிற் செய்து காட்டத்தக்க சோதனை ஒன்று. ஒரு மரக்கட்டையைப் பலகையின்மேல் நிறுத்தி, பலகையை மெல்லச் சாய்க்க. எந்தக் கோணத்தில் கட்டை கவிழ்கின்றது என்பதைக் கோணமானியால் குறித்துக்கொள்க. கட்டை வழுக்காமலிருக்க அதன் கீழ்ப்புறம் ஒரு மெல்லிய சட்டத்தை ஆணியடித்துத் தடுக்கலாம். பின்பு கட்டையின் உச்சியில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டி மீண்டும் சாய்த்தால், முன்னினும் சிறிய கோணத்திலேயே கட்டை விழும். அடியின் அரையகலத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணே அக்கோணத்தின் டேன்ஜென்ட் ஆகும்.

வண்டிக்கும் இதுவே விதி. இரு உருளிகளுக்கு இடைத்தூரம் 1,400 மி.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 700 மி.மீ. எனில் அவ்விகிதம் ஒன்று. கவிழும் கோணம் 45 பாகை. உடலை 75 மி.மீ. உயர்த்தி, 31 அங்குல டயரும் பூட்டினால், அச்சுகளும் உருளிகளும் 42 மி.மீ. மட்டுமே உயர்வதைக் கழித்து, ஈர்ப்பு மையம் சுமார் 100 மி.மீ. உயரும். விகிதம் 0.875 ஆகும்; கோணம் 41 பாகையாகும். முப்பது மீட்டர் ஆரமுள்ள வளைவில், முதல் நிலையில் கவிழும் வேகம் மணிக்கு 62 கி.மீ. எனக் கணக்கில் வரும். இரண்டாம் நிலையில் 58. நான்கு கி.மீ. வேறுபாடுதானே என்று எண்ணலாகாது. இக்கணக்கு, வண்டியை விறைத்த கட்டையாகக் கொண்டது. உண்மை வண்டியில் கமான் பட்டைகள் வளைகின்றன. உயர்ந்த பக்கச் சுவருள்ள டயர் நெளிகின்றது. உடல் வெளிப்புறம் சாய்ந்து ஈர்ப்பு மையத்தையும் தன்னோடு கொண்டு செல்கின்றது. வேகங்காட்டியோ உண்மையைவிட நூற்றுக்கு 10½ பங்கு குறைத்துச் சொல்கின்றது. ஓட்டுநர் தாம் 54-இல் செல்வதாக எண்ணும்போது வண்டி 60-இல் செல்லும். இவ்விரு பிழைகளும் ஒரே திசையில் கூடுகின்றன என்பதே இங்கு அச்சம் தருவது. மாடியில் சரக்குச் சட்டம் வைத்துக் கூடாரமும் குழாய்களும் ஏற்றுவது களப்பணி வண்டிகளில் வழக்கமாதலின், உண்மை எல்லை இன்னும் கீழே இருக்கும்.

முன்பாரம்

மாட்டு வண்டி ஓட்டுபவர்க்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களை விளக்க வேண்டுவதில்லை. மூட்டைகள் பின்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலெழும். முன்னே மிகுந்தால் கழுத்தை அழுத்தும். டிரெயிலரும் அத்தகையதே. அதன் ஏர்க்கால் கொக்கியின்மேல் ஓரளவு அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். மொத்த எடையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து வரை முன்பாரம் இருப்பது நலம் என்பது பொதுவான வழக்கம். அது குறைந்தால் டிரெயிலர் வேகத்தில் வால் ஆட்டத் தொடங்கும். ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெருகி இழுவை வண்டியையே பாதையினின்று புரட்டும்.

வண்டி உயர்ந்தால் கொக்கியும் உயர்கின்றது. உடல் 75, டயர் 42, ஆக 117 மி.மீ. அச்சிலிருந்து கொக்கி வரை 2.5 மீட்டர் நீளமுள்ள டிரெயிலர், மூக்கை 2.7 பாகை மேலே தூக்கி நிற்கும். எடை 800 கிலோகிராம். ஈர்ப்பு மையம் அச்சுக்கு 20 செ.மீ. முன்னும் 55 செ.மீ. மேலும் உள்ளது எனக் கொள்க. மட்டமாக நின்றபோது முன்பாரம் 64 கிலோகிராம். மூக்கு உயர்ந்தபின் ஈர்ப்பு மையம் 2½ செ.மீ. பின்வாங்கும், முன்பாரம் 56 ஆகக் குறையும். பாரம் கல்லாகவோ மூட்டையாகவோ இருப்பின் குறைவு இத்துடன் நிற்கும்.

பாரம் தண்ணீராயின் கதை வேறு. மேற்கூறிய 800 கிலோகிராமில் 600 தண்ணீர் என்றும், அது இரண்டு மீட்டர் நீளமுள்ள தொட்டியில் 40 செ.மீ. ஆழத்துக்கு, மேலே சிறிது வெற்றிடம் விட்டு, நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். தொட்டி சாய்ந்தாலும் நீரின் மேற்பரப்பு சாயாது. நீர் பின்பக்கம் திரண்டு, முன்பக்கம் மெலியும். இவ்வாறு நீரின் மையம் மட்டும் ஏறத்தாழ 4 செ.மீ. கூடுதலாகப் பின்னே போகும். முன்பாரம் மேலும் ஒன்பது கிலோகிராம் குறைந்து 47-க்கு வந்துவிடும். எட்டுப் பங்காக இருந்தது ஆறு பங்கினும் கீழே சென்றுவிட்டது. இத்தனைக்கும் வண்டி சமதரையில் நிற்கின்றது. ஏற்றத்தில் நீர் இன்னும் பின்னே திரளும். நீளமான தட்டில் சாயமிட்ட நீர் ஊற்றி, ஒரு முனையின்கீழ் இரண்டு புத்தகங்களை வைத்தால், மாணவர் இதை நேரிற் காணலாம். தொட்டியைக் குறுக்குத் தடுப்புகளால் மூன்றாகவோ நான்காகவோ பிரித்தால் அசைவு பெரிதும் அடங்கும். தொட்டியை விளிம்பு வரை நிரப்புதல் அல்லது முற்றும் வெறுமையாக்குதல் அடுத்த வழி. அரைத்தொட்டி நீருடன் பயணம் செய்தலே தவிர்க்கத்தக்கது.

இரட்டை அச்சுள்ள டிரெயிலரில் மூக்கு உயர்ந்தால் பின்னச்சின்மேல் எடை குவியும். அதன் டயர்கள் சூடேறி வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிகாரம் எளிது: கொக்கியைத் தாழ்த்தும் இணைப்புத் தகட்டைப் பூட்டி, ஏர்க்காலை மீண்டும் மட்டத்துக்குக் கொணர்தல். ஆயினும் தகடு கீழே நீள்வதால் வண்டியின் பின்முனை ஓடைக்கரையில் தட்டும். எந்தப் பயனுக்காக உடலை உயர்த்தினோமோ, அதன் ஒரு பகுதியை இங்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். தகடு நீளநீள அதைத் தாங்கும் மரையாணிகளின்மேல் நெம்புவிசையும் கூடும்.

உந்துத் தண்டும் திருப்பு கோலும்

உடல் உயர்ந்து அச்சு தாழ்ந்தே நிற்பதால், இரண்டையும் இணைக்கும் உந்துத் தண்டு மேலும் சாயும். தண்டு அரை மீட்டரே நீளமுள்ள குட்டை வண்டிகளில் 75 மி.மீ. உயர்வு எட்டுப் பாகைக்கு மேற்பட்ட சாய்வைக் கூட்டும். சாய்ந்த யூனிவர்சல் ஜாயிண்ட் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தாழும். இரு முனைகளிலும் கோணம் சமமாயிருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும். பட்டைக்கும் அச்சுக்கும் இடையே சமமான கட்டை வைத்து உயர்த்தினால் இச்சமநிலை பெரும்பாலும் நிலைக்கும். சாக்கிளை மட்டும் நீட்டி உயர்த்தும் மலிவான முறையில் பட்டை ஒரு முனையில் மட்டும் தாழ்ந்து, அச்சே திரும்பிவிடுவதால் கோணங்கள் வேறுபடும்; பாரத்துடன் ஏறும்போது வண்டி அதிரும். முன்பக்கத்தில் திருப்பு கோலும் சாய்ந்து, குழியில் உருளி இறங்கும்போதெல்லாம் வண்டி தானே ஒருபுறம் திரும்பப் பார்க்கும். விளக்குகளின் ஒளி எதிரே வருபவர் கண்ணிற் படாதவாறு தாழ்த்தவும் வேண்டும்.

மணலில் உண்மையாக உதவுவது

ஜெய்சல்மர், பார்மர் போன்ற மணற்பகுதிகளில் பணிபுரிவோர், பெரிய டயர் இருந்தால் வண்டி புதையாது என நம்புகின்றனர். இந்நம்பிக்கையில் ஒரு பகுதியே உண்மை. டயர் தரையிற் பதியும் பரப்பு, அதன்மேல் உள்ள எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. பக்கச் சுவரின் விறைப்பால் இக்கணக்கு சிறிது மாறினும் அடிப்படை இதுவே. ஓர் உருளியின்மேல் 450 கிலோகிராமும், காற்று 32 பவுண்டும் (அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கிலோகிராம்) இருந்தால் பதியும் பரப்பு 200 சதுர செ.மீ. பெரிய டயரைப் பூட்டி அதே 32 பவுண்டு காற்று அடைத்தால், எடை மாறாததால், பரப்பும் ஏறத்தாழ 200-ஆகவே இருக்கும்! பழைய டயரிலேயே காற்றை 16 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு 400 ஆகின்றது. ஒரு பைசாச் செலவின்றிக் கிடைக்கும் பயன் இது.

பெரிய டயர்க்கு உரிய மெய்யான நன்மை, அதனுள் காற்றின் கன அளவு மிகுதியாதலால் அதே எடையைக் குறைந்த அழுத்தத்தில் தீங்கின்றித் தாங்குவது. கற்படியின்மேல் ஏறுவதும் அதற்கு எளிது. இவை தனி வண்டிக்கு நன்று. டிரெயிலரைப் பொறுத்தவரை, அதன் டயர்களில் காற்றைக் குறைக்காமல் வண்டியின் டயர்களில் மட்டும் குறைத்தால் மணலை உழுதுகொண்டு வருவது டிரெயிலரே; களத்தில் இதை மறப்போர் பலர். ஈரக் கரிசலில் நிலைமை மாறும். மேலே வழுக்கும் சேறும் கீழே உறுதியான தரையும் உள்ள இடத்தில், அகன்ற டயர் சேற்றின்மேல் மிதந்து பிடிப்பிழக்கும். பழைய ஜீப்பின் ஒடுங்கிய டயர் சேற்றை அறுத்துக்கொண்டு கீழ்த்தரையைப் பற்றியது.

காற்றைக் குறைத்த டயருடன் கெட்டிச் சாலையில் வேகமாகச் செல்லலாகாது. பக்கச் சுவர் ஓயாது மடங்கிச் சூடேறும். திருப்பத்தில் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடவும் கூடும். மணல் முடிந்த இடத்திலேயே நின்று மீண்டும் காற்றடைக்க வேண்டும். ஆதலின் சிறு காற்றடி பொறியும் நம்பத்தக்க அழுத்தமானியும் வண்டியில் இருத்தல் அவசியம்.

சட்டமும் அளவெடுத்தலும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலிற் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவை இவ்வாறே விளக்கித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182-ஏ பிரிவின்படி, விதிகளுக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர்க்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்படவும் இடமுண்டு. அரசு வண்டியாயின், துறையின் எழுத்து மூலமான இசைவின்றி எதையும் மாற்றுதல் முறையன்று. ஓட்டுநரின் வாய்மொழி வேண்டுகோளோ பட்டறையின் உறுதிமொழியோ அதற்கு ஈடாகாது.

இசைவு பெற்று முன்பே உயர்த்தப்பட்ட வண்டி கைக்கு வந்திருப்பின், முதல் வேலையாகக் கொக்கியின் உயரத்தை அளக்க. வண்டியில் வழக்கமான ஆட்களையும் கருவிகளையும் ஏற்றி, டிரெயிலரிலும் வழக்கமான பாரத்தை வைத்து, சமதரையில் இரண்டையும் பூட்டி நிறுத்த வேண்டும். வெறும் வண்டியில் எடுக்கும் அளவு பயன்படாது. டிரெயிலரின் சட்டத்தின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மூக்கு உயர்ந்துள்ளதா, தாழ்ந்துள்ளதா என்பது தெரியும். இரு முனைகளிலும் தரையிலிருந்து சட்டத்தின் உயரத்தை நாடாவால் அளந்தும் காணலாம். முன்பாரத்தை அறிய, டிரெயிலரைக் கழற்றி, மூட்டை நிறுக்கும் தராசின்மேல் கொக்கியின் உயரத்துக்கே கட்டை அடுக்கி, அதன்மேல் ஏர்க்காலை வைத்து, தராசு காட்டும் எடையிலிருந்து கட்டையின் எடையைக் கழிக்க வேண்டும். டிரெயிலரின் உருளிகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துத் தடுத்த பின்னரே ஏர்க்காலைக் கழற்றுக.